முழுக்கைச் சட்டை

காவிரி வற்றிவிட்டால் ஓடத்துறைக்காரர்களுக்கு மணல்தான் நிலம். தை முடிகிறபோது தண்ணீர் ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொண்டு, அகலமாக ஆற்றைத் திறந்து விட்டுவிடும். மாசி பிறந்ததும் துறைக்குப் பெரியவரான சின்னையா கோல் பிடித்து அளந்து ஆளுக்கு இத்தனை குழி என்று பிரித்துக் கொடுப்பார். குழியில் எருப் போட்டு வெள்ளரி விதை ஊன்றுவார்கள். பங்குனியில் கொடி ஓடும். சித்திரையில் காய்க்கும். ஸ்ரீரங்கத்துத் தேருக்கு வந்து குவிகிற வெளியூர்ச் சனம் தாகத்துக்குக் கடித்துத் தின்றே அத்தனை காயையும் தீர்த்துவிட்டுப் போகும். அப்புறம் மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து கொடியையும் குழியையும் ஒன்றாக வாரிக்கொண்டு போனால், அந்த வருஷத்துக் கணக்கு முடிந்தது.

இருசம்மாளுக்கு நாற்பது குழி. நயா பைசா வந்து இரண்டு வருஷம் ஆகியும் ஜனங்கள் அணாவிலேயே பேரம் பேசிக்கொண்டிருந்த காலம். அந்த வருஷம் பங்குனியிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. ஒன்பது மணிக்கு மேல் மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. பெண்கள் பனைமட்டைச் செருப்புக் கட்டிக்கொண்டு, முந்தானையைத் தலைக்குப் போட்டு, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு சட்டியுமாக ஊற்றுக்கும் குழிக்கும் நடந்துகொண்டே இருப்பார்கள். மணலில் தோண்டிய ஊற்று சுரந்து கொடுத்தால்தான் தண்ணீர். ஒருத்தி மொண்டு முடித்த பிறகு அது மறுபடி ஊறும்வரை அடுத்தவள் நிற்க வேண்டும். அதற்கு முறை உண்டு. இருசம்மாளின் முறை கடைசி. அவள் குடம் நிறைகிறபோது சூரியன் நேராக உச்சியில் நிற்கும்.

வெயில் அவளுக்குப் புதிதில்லை. பிறந்ததிலிருந்து அதில்தான் கிடக்கிறாள். ஆனால் நாலு வருஷத்துக்கு முன் முழங்கையில் கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. அது மிளகளவாகி, காசளவாகி, இரண்டு கைகளிலும் பரவி, பின் கழுத்திலும் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இறங்கிவிட்டது. வலி இல்லை, அரிப்பு இல்லை. நிறம் மட்டும் போய்விட்டது. மற்ற இடத்துத் தோலெல்லாம் வெயிலோடு வாழ்ந்து பழகிய தோல். இந்த இடம் மட்டும் அன்றுதான் பிறந்த பிள்ளையைப் போல ஒவ்வொரு நாளும் வெயிலைப் புதிதாகக் கண்டு சிவந்தது. சாயங்காலம் தண்ணீரை ஊற்றினால் எரிச்சல் அடங்கும். அடங்கிவிடுகிறதே என்று அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் புருஷன் அழகிரி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பங்குனிக் கடைசியில் ஒருநாள் உறையூர் வைத்தியரிடம் போய்விட்டு, ஒரு சீசா எண்ணெயோடு வந்தான். கார்போக அரிசி என்கிற மருந்து விதை போட்டுக் காய்ச்சியதாம். தடவிக்கொண்டு வெயில் காட்டினால் நிறம் திரும்பிவிடும் என்று வைத்தியர் சொன்னாராம். வெயிலுக்கா பஞ்சம் என்று சிரித்துக்கொண்டே, இருசம்மாள் விடியற்காலையில் கையிலும் கழுத்திலும் வழிய வழியத் தடவிக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். போனவள் வழக்கம்போல உச்சி சாய்ந்துதான் திரும்பினாள். இரண்டாம் நாள் தோல் செம்பருத்தி நிறத்துக்கு வந்தது. மருந்து பிடிக்கிறது என்றான் அழகிரி. மூன்றாம் நாள் கை முழுக்கக் கொப்புளம். நாலாம் நாள் குடத்தின் விளிம்பு உரசி அவை உடைந்தன.

ஊற்றங்கரையில் அதை முதலில் பார்த்தவள் பக்கத்துக் குழிக்காரி சந்திரம்மாள். இருசம்மாளைவிட ஏழெட்டு வயது மூத்தவள். கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் மனதில் வந்ததை வாயில் நிறுத்தி வைக்கத் தெரியாது.

"ஏண்டி இருசு, இது என்னடி கையில சீழு?"

"சீழு இல்லக்கா. வெந்து போச்சு. எண்ணெய் தடவினேன்."

"வெள்ளைன்னா வலிக்காது, வடியாதுன்னு நீதானே சொன்னே. இப்ப வடியுதே. இந்தத் தண்ணியத்தான் நாங்க வாயில ஊத்திக் குடிக்கிறோம்."

வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவள் தன் குடத்தை எடுத்து இரண்டடி தள்ளி வைத்தாள். அந்த இரண்டடி இருசம்மாளுக்குள் எங்கோ போய் விழுந்தது. குஷ்டம் என்ற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இல்லை என்றாவது பதில் சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் சின்னையா வந்தார். மணலைப் பிரித்துக் கொடுப்பதும், முறை வைப்பதும், சண்டை தீர்ப்பதும் அவர்தான். அவர் அவள் கையைத் தொடாமல், ஆனால் கிட்டத்தில் குனிந்து பார்த்தார். நோய் என்று அவர் சொல்லவில்லை. புண் ஆறுகிறவரை பொது ஊற்றில் கை வைக்க வேண்டாம் என்றார். தேர்வரைக்கும் அவகாசம், அதற்குள் ஆறாவிட்டால் வருகிற மாசியில் குழி பிரிக்கும்போது யோசிக்க வேண்டியிருக்கும் என்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அதுவரைக்கும் என் கொடி என்ன மாமா பண்ணும்?" என்று கேட்டாள் இருசம்மாள்.

"தனியா ஒரு ஊத்து தோண்டிக்க. வேணாங்கலியே."

தோண்டினாள். ஈரம் ஒதுங்கிப்போன மேட்டு மணலில் அவளுக்கென்று கிடைத்த இடம் அது. இடுப்பளவு தோண்டிய பிறகுதான் மணல் கறுத்தது. இன்னும் ஒரு முழம் போன பிறகு குழந்தை அழுகிறபோது கண்ணில் கட்டுகிற மாதிரி கொஞ்சம் தண்ணீர் கட்டியது. ஒரு குடம் ஊறக் கால் மணி நேரம் ஆயிற்று. நாற்பது குழிக்கும் ஊற்றி முடிக்க வேண்டுமென்றால் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை வெயிலில்தான் நிற்க வேண்டும். புண் ஆற வேண்டுமானால் வெயில் படக்கூடாது. கொடி பிழைக்க வேண்டுமானால் வெயிலில் நிற்க வேண்டும். ஊற்றுக்குள் இறங்கி நின்றுகொண்டு, மணலின் குளிர்ச்சி முழங்காலில் ஏற, அவள் இதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுகை வரவில்லை. ஒரு வழி இருக்கும், அது என் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான் என்று தோன்றியது. அவளுடைய சுபாவம் அது.

அன்று ராத்திரிச் சோற்றின்போது அழகிரி தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான். வைத்தியர் சொன்னது காலை இளவெயிலில் கால் மணி நேரம். அப்புறம் எண்ணெயை நன்றாகக் கழுவிவிட்டு மூடிக்கொள்ள வேண்டும்.

"கால் மணி நேரம்னு ஏன் சொல்லலே?"

"நெறைய வெயில் பட்டா சீக்கிரம் போயிடும்னு நெனச்சேன்."

கை எரிந்ததைவிட அந்த 'சீக்கிரம்' அவளை எரித்தது. நாலு வருஷமாக அவன் ஒரு சொல் சொன்னதில்லை. அவள் கை சமைத்ததைத் தின்றான், அவள் பக்கத்தில் படுத்தான். எனக்கு அது கண்ணிலேயே படவில்லை என்பதுபோல நடந்துகொண்டான். அவளும் அதை நம்பி, தன் கையைத் தானே பார்க்காமல் பழகிக்கொண்டாள். பார்க்காமல் இருந்தது அவள் மட்டும்தான் போலிருக்கிறது. அவன் தினமும் பார்த்திருக்கிறான். போகட்டும், போகட்டும் என்று தினமும் மனதுக்குள் சொல்லியிருக்கிறான். ஆசையால் செய்த தப்புத்தான். ஆசை எதன் மேல் என்பதுதான் அவளுக்கு அந்த ராத்திரி விளங்கவில்லை.

மறுநாள் ஆற்றுக்குப் போகுமுன் துணி துவைத்து உலர்த்தினாள். அழகிரிக்குத் தீபாவளிக்குத் தைத்த முழுக்கைச் சட்டை ஒன்று இருந்தது. கல்யாணம், சாவு, தேர் மூன்றுக்கும் அதுதான். மார்க்கெட்டுக்கு அவன் வெற்றுடம்போடு துண்டைப் போட்டுக்கொண்டு போகிறவன். நனைந்த சட்டையைக் கொடியில் விரித்து இழுத்துவிடும்போது அவள் கை அதன் பின்னால் போயிற்று. எரிச்சல் சட்டென்று நின்றது. கையை வெளியே எடுத்தாள், எரிந்தது. மறுபடி துணிக்குப் பின்னால் கொண்டுபோனாள், நின்றது. மூன்று தடவை இப்படிப் பார்த்தாள். பிறகு வடிகஞ்சியை ஆறவைத்துப் புண்ணைக் கழுவி, வாழைக்குருத்தைக் கிழித்துச் சுற்றி, அந்த ஈரச் சட்டையையே எடுத்துச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள்.

மணலில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பெண் ஆம்பிளைச் சட்டை போட்டு அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. சந்திரம்மாள்தான் ஆரம்பித்தாள். "வாங்க ஏட்டையா, யாரைப் பிடிக்க வந்தீங்க?" என்றாள். ஒருத்தி, மீசை எங்கே என்று கேட்டாள். இன்னொருத்தி, பாலக்கரைக் கொட்டகையில் புதுசாக நாடகம் வந்திருக்கிறதா என்றாள். இருசம்மாள் ஊற்றில் இறங்கிக் குடத்தை நிறைத்தாள். சட்டையின் முதுகு காய்ந்துபோனதும் ஒரு சட்டி தண்ணீரைத் தோளில் ஊற்றிக்கொண்டாள். காற்று பட்டபோது மார்கழிக் காற்றுப் போல இருந்தது. இத்தனை நாளும் இது தெரியாமல் போயிற்றே என்றுதான் வருத்தமாக இருந்தது. சிரிப்புச் சத்தம் மத்தியானத்துக்கு மேல் தானாகவே ஓய்ந்தது. அந்த வெயிலில் யாராலும் அதிக நேரம் சிரிக்க முடியாது.

சேதி அழகிரிக்கு மார்க்கெட்டிலேயே போய்விட்டது. மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு நேராக ஆற்றுக்கே வந்தான்.

"என்ன வேஷம் இது?"

"வேஷம் இல்லைங்க. வெயிலுக்குப் போட்டிருக்கேன்."

"பொண்டாட்டி சட்டை போட்டுக்கிட்டு ஆத்துல நிக்கிறா, புருசன் வெத்துடம்போட மூட்டை தூக்குறான். நாலு பேரு என்னன்னு கேக்குறான். நான் என்னத்தச் சொல்றது?"

"கால் மணி நேரம்னு வைத்தியர் சொன்னாரு, நான்தான் சொல்லாம வுட்டுட்டேன்னு சொல்லுங்க."

மணல் சுட்டதால் அழகிரி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். அவனைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் சட்டையைக் கழற்றவில்லை.

"தேருக்கு நான் என்னத்தப் போட்டுக்கிட்டுப் போவேன்?" என்று கடைசியில் கேட்டான்.

அது நியாயமான கேள்வி. அதற்கு அவள் பதில் வைத்திருந்தாள்.

பாலக்கரையில் தையல்காரர் காஜா மைதீனின் மனைவி நஜ்முன்னிசா, வருஷா வருஷம் அவளிடம் வெள்ளரிப்பழம் வாங்குகிறவள். அழகிரியின் பழைய நாலு முழ வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு இருசம்மாள் அவள் வீட்டுக்குப் போனாள். நஜ்முன்னிசா கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைக் கண்டா அந்தப் பொம்பளைங்க பயந்தாங்க, எங்க பெரியம்மாவுக்கு முகம் முழுக்க இப்படித்தான், எண்பது வயசுவரை இருந்தாங்க என்றாள். வெளியே போகும்போது தான் போர்த்துகிற வெள்ளைத் துப்பட்டியைக் காட்டி, "வெயிலுக்கு இதைவிடச் சொகுசு ஏதுக்கா? நீங்க சிரிச்சீங்கதானே முன்னாடியெல்லாம்" என்றாள். இருசம்மாள் சிரித்ததுண்டு. ஒப்புக்கொண்டாள்.

காஜா மைதீன் மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமல், ஆண் அளவா, பெண் அளவா என்று கேட்டார். பெண்களுக்கு இப்படித் தைத்துப் பழக்கமில்லை என்றார்.

"வெயில் அளவுக்குத் தைங்க பாய்" என்றாள் இருசம்மாள்.

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அவள் சொல்லச் சொல்லத் தைத்தார். கை நீளம் மணிக்கட்டோடு நிற்காமல் நாலு விரல் தள்ளி, விரல் கணுக்களை மூடுகிற மாதிரி. கழுத்துப்பட்டை எழுந்து நின்று பிடரியை மறைக்கிற மாதிரி. உடம்பு தொளதொளவென்று, காற்று உள்ளே போய் வெளியே வருகிற மாதிரி. வேட்டித்துணி பழையது, பலமுறை துவைத்து மெத்தென்றிருந்தது. புண்ணில் பட்டும் உறுத்தவில்லை.

அதன் பிறகு அவளுடைய நாட்கள் ஒரு ஒழுங்குக்கு வந்தன. ராத்திரி முழுக்க ஊறிக் கிடந்த தண்ணீரில் விடியுமுன் பதினைந்து குடம். வெயில் ஏறியதும் சட்டை. எண்ணெய்ச் சீசாவை மண்ணில் கவிழ்த்துவிட்டாள். கழுத்தில் விலைபோகாத வெள்ளரியின் சதையைத் தடவிக்கொள்வாள். உச்சியில் நாணல் தட்டியைச் சாய்த்து அதன் கீழ் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நீராகாரம் குடித்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்வாள். அப்படி உட்கார்ந்திருக்கும்போது முன்போல முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், சட்டையை மடக்கிக் கையைப் பார்ப்பாள். கொப்புளம் வற்றி, பொருக்குத் தட்டி, பொருக்கு உதிர்ந்து, கீழே ரோஜா நிறத்தில் புதுத்தோல் வந்தது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. முழங்கைக்குக் கீழே ஒரு தீவு, மணிக்கட்டுக்கு மேலே ஒரு தீவு, நடுவே மாநிறமாக ஒரு வாய்க்கால். காவிரியையும் கொள்ளிடத்தையும் மலைக்கோட்டையிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று ஒருநாள் தோன்றியது. தன் கையைப் பார்த்துத் தனக்கு இப்படித் தோன்றியதே என்று ஆச்சரியப்பட்டாள்.

தேருக்கு மூன்று நாள் இருக்கும்போது சந்திரம்மாள் ஆற்றுக்கு வந்தாள். முந்தானைக்கு மேலே தன் மகனுடைய பழைய காக்கிச் சட்டை. பிடரியில் தோல் உரிந்து வெங்காயச் சருகுபோல எழும்பியிருந்தது. இருசம்மாளின் குழியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஏட்டையா என்று கூப்பிட இருசம்மாளுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

சந்திரம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. "கேளேண்டி" என்றாள்.

"என்னத்தக்கா கேக்குறது?"

"காத்துப் போவுதுடி உள்ளாற. நல்லாத்தான் இருக்கு."

அன்று சாயங்காலம் அவள்தான் சின்னையாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இருசம்மாள் சட்டையைத் தோள்வரை மடக்கி இரண்டு கையையும் நீட்டினாள். சின்னையா இந்தத் தடவை கட்டை விரலால் தொட்டு அமுக்கிப் பார்த்தார். புண்ணைக் காணோம், கையும் மரத்துப் போகலே, போய்த் தண்ணி மொண்டுக்கோ என்றார். தன் ஊற்றே போதும் என்று இருசம்மாள் சொல்லிவிட்டாள். கோபத்தால் சொல்லவில்லை. இடுப்பளவு தோண்டி எடுத்த தண்ணீரை விட்டுவிட்டு வர மனசில்லை. மாசியில் முறை வைக்கும்போது மட்டும் என்னைக் கடைசியில் போடாதீங்க மாமா என்றாள். அதற்கு அவர் சரி என்றார்.

கத்திரி பிறந்த மறுநாள் தேர். இருள் பிரியுமுன் அழகிரியும் இருசம்மாளும் ஆளுக்கொரு கூடையோடு மணலைக் கடந்து அம்மா மண்டபத்தில் கரையேறினார்கள். ராத்திரியே வந்து மணலில் படுத்திருந்த குடும்பங்கள் எழுந்து குளித்துக்கொண்டிருந்தன. மாட்டு வண்டிகள் வழியெல்லாம் அவிழ்த்து விடப்பட்டிருந்தன. மொட்டைக் கோபுரத்தின் மேற்குப் பக்கம் காலை நிழல் நீளமாக விழும். அதில் இடம் பிடித்தார்கள். அழகிரி துவைத்த முழுக்கைச் சட்டையில் மாப்பிள்ளைபோல இருந்தான். இருசம்மாள் வேட்டிச் சட்டையில் இருந்தாள். ஈரச் சாக்கை விரித்துக் காயை அடுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் கலந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வைத்தாள். சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி மேலே மடக்க ஆரம்பித்தாள்.

"மடக்காதே" என்றான் அழகிரி.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெளியூர்ச் சனம். நம்ம ஆத்துக்காரங்க மாதிரி பழகினவங்க இல்லே. கையைப் பாத்துட்டு வாங்காமப் போனா மூணு மாசப் பாடு மண்ணாப் போவும். சட்டைதான் இருக்குல்ல. மூடிக்கிட்டே அரியேன்."

அவன் சொன்னதில் தப்பில்லை. நாற்பது குழி, இரண்டு மாசத்து வெயில், தனி ஊற்று எல்லாம் அந்த இரண்டு கூடைக்குள்தான் இருந்தன. மூடிக்கொண்டால் விற்றுவிடும். கஷ்டமும் இல்லை. சட்டை உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது. பதினைந்து நாளைக்கு முன் சட்டை போட்டதை வேஷம் என்று வைத வாய் இப்போது சட்டையால் மூடச் சொல்கிறது. இரண்டும் ஒரே கவலைதான். இதை அவள் கோபமில்லாமல் தெளிவாகப் பார்த்தாள். வெயிலிலிருந்து தோலைக் காப்பாற்றிக்கொள்வது ஒன்று. தோலிலிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்வது வேறு. இரண்டாவதற்கு இந்தச் சட்டையைப் போட்டுவிட்டால் பிறகு எந்த நிழலிலும் கழற்ற முடியாது.

"வெயிலுக்குத்தாங்க சட்டை. மனுசருக்கு இல்லே" என்றாள். இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே மடக்கிவிட்டுக் கத்தியை எடுத்தாள்.

முதலில் வந்த ஒரு ஆள் காயைக் கையில் எடுத்து, அவள் கையைப் பார்த்து, காயைத் திரும்ப வைத்துவிட்டுப் போனான். அழகிரி பெருமூச்சு விட்டான். அடுத்து வந்தவள் இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண், துறையூர்ப் பக்கம். பிள்ளையின் நெற்றியும் கழுத்தும் வேர்க்குரு பொரிந்து சிவந்திருந்தன. காயைப் பார்க்காமல் கையைத்தான் பார்த்தாள்.

"இது என்னம்மா?"

"நெறம் போயிட்டு. நோவு இல்லே, ஒட்டாது. அரியட்டுமா?"

அந்தப் பெண் பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போயிற்று. தூரத்தில் வடம் பிடிக்கிற சத்தம் எழும்பி அடங்கியது.

"பிஞ்சா ரெண்டு அரிஞ்சு குடு. புள்ளைக்கு மொளகாப்பொடி போடாதே" என்றாள். காசைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். "இந்தச் சட்டை எங்க தச்சே? நாங்க சோளக்காட்டுல கெடந்து வேகுறோம்" என்று கேட்டாள்.

இருசம்மாள் கழுத்துப்பட்டையைத் தூக்கிக் காட்டி, கை நீளத்தையும் இறக்கிக் காட்டி விளக்கினாள். வேர்க்குருவுக்கு வெள்ளரிச் சதையை மசித்துப் பூசச் சொன்னாள். அவர்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்க இரண்டு பேர் நின்றார்கள். நின்றவர்கள் காய் வாங்கினார்கள். வாங்காமல் போனவர்களும் இருந்தார்கள். ஆனால் எட்டு மணிக்கு முதல் கூடை காலியாகிவிட்டது. அழகிரி இரண்டாவது கூடையின் சாக்கை நனைத்துவிட்டு, வாங்குகிறவர்களுக்குத் தானே உப்புத் தொட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

தேர் வீதியைச் சுற்றிக்கொண்டிருந்தது. நிழல் கொஞ்சம் கொஞ்சமாகக் கோபுரத்தின் காலடிக்கே சுருண்டது. முதலில் கூடையின் விளிம்பில் வெயில் ஏறியது. பிறகு சாக்கில். இருசம்மாள் கவனிக்கவில்லை; ஒரு பெரிய குடும்பத்துக்கு எட்டுக் காய் அரிந்துகொண்டிருந்தாள். வெயில் அவள் விரல்களைத் தொட்டு, மணிக்கட்டில் இருந்த வெள்ளைத் தீவுக்கு வந்தது.

"வெயில் வந்துட்டு" என்றான் அழகிரி. "கைய எறக்கி வுடு."

அவன் இந்தத் தடவை கூட்டத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுடைய விரலெல்லாம் உப்பும் மிளகாய்ப்பொடியுமாக இருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அவன் பக்கம் நீட்டினாள். அத்தனை கூட்டத்தில், அவன் மடிப்பைப் பிரித்து இறக்கி, விரல் கணு மறைகிறவரை இழுத்துவிட்டு, பொத்தானைப் போட்டுவிட்டான்.